மாடி என்னுது, வெயில் யாருது?

"அண்ணே, சோலார் போடலாமாண்ணே?" தெருவில் இதோடு நாலு பேர் கேட்டாச்சு. போன வருஷம் மொட்டைமாடியில் மூன்று கிலோவாட் போட்டதிலிருந்து நான்தான் தெருவுக்கே இன்ஜினியர். எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ரெண்டு மாசத்துக்கு எத்தனை யூனிட் ஓடுது?

எங்கள் வீட்டில் ரெண்டு ஏசி. கோடையில் 800 யூனிட் ஓடும். ஐநூறைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறும் என்பதால் பில் ஐயாயிரத்தை ஒட்டி வரும். கிலோவாட்டுக்கு நாளைக்குச் சுமார் 4 யூனிட் என்று வைத்தால், மூன்று கிலோவாட் ரெண்டு மாசத்தில் 720 யூனிட் தரும். மிச்சம் 80. அது இலவச நூறு யூனிட்டுக்குள் அடங்கிவிடும். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியமும் வந்தது. லாபம்தான், மறைக்கவில்லை.

ஆனால் எதிர்வீட்டில் 200 யூனிட்தான் ஓடுகிறது. பில் இருநூற்றுச் சொச்சம். மானியம் போக முப்பத்தைந்தாயிரம் கைக்காசு போட்டு அவர் ஒரு கிலோவாட் வைத்தால், அந்தப் பணம் திரும்ப 25 வருஷம் ஆகும். பேனலுக்குக் கொடுக்கிற உத்தரவாதமே அவ்வளவுதான்! "வேண்டாம், பேசாமல் இருங்க" என்று சொல்லிவிட்டேன்.

(இன்னொன்றும் சொல்லவேண்டும். பேட்டரி இல்லாமல் வாரியத்து லைனோடு இணைத்திருக்கிற ஆன்கிரிட் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். உச்சிவெயிலில், தலைக்கு மேல் பேனல் மினுமினுக்க, நான் கைவிசிறியோடு உட்கார்ந்திருந்தேன். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனுக்கு நம் வீட்டுக் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாதே, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. நியாயம்தான். விற்க வந்தவர் மட்டும் இதைச் சொல்லவில்லை.)

இப்போது எனக்கு உறுத்துவது வேறு. 800 யூனிட் ஓட்டுகிற என்னைப் போன்றவன் கட்டுகிற பில்லும் சேர்ந்துதான் சின்ன வீடுகளின் மலிவு யூனிட்டைத் தாங்குகிறது. நாங்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டால் அந்தப் பாரம் எங்கே போகும்? கழன்றும் போகவில்லை என்பது அடுத்த கூத்து. பகலில் எல்லா மாடியிலும் சோலார் கரண்ட் வருகிற நேரத்தில் நான் கரண்டைத் தள்ளிவிடுகிறேன். ராத்திரி ஊரே சுவிட்சைப் போடும்போது அதே யூனிட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கொடுத்ததையும் வாங்கியதையும் கழித்துக் கணக்குப் போடுகிற நெட் மீட்டர் ரெண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறது. மின்வாரியம் எனக்குக் காசு வாங்காத பேட்டரி. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சோலார் ஆலை வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் அதுவும் என் மாடியும் ஒன்றுதான். மானியத்தை இனி பேனலைவிட பேட்டரிக்குக் கொடுப்பதுதான் சரி என்பேன். எனக்கு நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை.

கீழே ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. தனி மீட்டர். பேனல் அவர்கள் தலைக்கு மேலும்தான் இருக்கிறது, ஆனால் அவர்கள் பில்லில் ஒரு ரூபாய் குறையவில்லை. போதாக்குறைக்கு, அந்த அக்கா மாடியில் வற்றல் காயப்போடும் இடத்தில்தான் இப்போது பேனலின் நிழல் விழுகிறது. ஒரு வார்த்தை சொல்லாமல் முறத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் திண்ணைக்குப் போய்விட்டார். எனக்குத்தான் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

டெல்லியில் 2019லேயே இதற்கு விதி வந்துவிட்டது. ஓரிடத்தில் பேனல் இருக்கும். அதில் வரும் யூனிட்டைப் பல வீடுகளின் பில்லில் பங்கு பிரித்துக் கழித்துக்கொள்ளலாம். வாடகை வீட்டுக்காரர், அடுக்குமாடிக்காரர் யாரும் சேரலாம். நம்மூரிலும் அது பரவலாக வந்தால் கீழ்வீட்டு மீட்டருக்கு ஒரு கிலோவாட்டை முதல் ஆளாக எழுதிக்கொடுத்துவிடுவேன். டெல்லியில் இப்படிப் பங்கு போட்டிருக்கிறவர்கள் யாராவது நட்பில் இருந்தால், பில் எப்படி வருகிறது என்று சொல்லுங்களேன்.