சிகரெட் விக்கிற நானே சொல்றேன், 21 ஆக்குங்க

எட்டாவது படிக்கும்போதே சிகரெட் வித்தவ நான். ஸ்கூல் விட்டு வந்ததும் அப்பா சாப்பிடப் போவாரு, நான் கல்லாவுல உக்காருவேன், கொடைக்கானல் மலையில பெருமாள்மலைப் பக்கம் ரோட்டோரக் கடை, பஸ் நிக்கிற எடம். எந்த அண்ணனுக்கு எந்த சிகரெட், எந்தத் தாத்தாவுக்கு எந்த பீடிக் கட்டு, எல்லாம் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். அது தப்புன்னு ஒருத்தரும் சொல்லல. 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க கையால புகையிலை சாமானத் தொட்டு விக்கவே கூடாதுன்னு விதி இருக்குறது, கடை எங்கைக்கு வந்து, போர்டு வைக்கச் சொல்லி ஆளு வந்தப்பதான் தெரிஞ்சுது.

அதே கல்லாவுல உக்காந்துக்கிட்டுதான் இப்ப சொல்றேன், சிகரெட் வாங்குற வயச 18லருந்து 21 ஆக்குங்க. "உன் யாவாரத்துல நீயே மண்ணள்ளிப் போடுறியா"ன்னு வீட்டுக்காரரு கேட்டாரு. சிகரெட்டுல நிக்கிற லாபம் ஒண்ணும் பெருசில்லங்க, சிகரெட்டுக்கு வர்றவன் ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி சேத்து வாங்குவான், அதுதான் யாவாரம். அத மறைக்கல.

என் காரணம் கடைக்காரி காரணம். 17க்கும் 18க்கும் வித்தியாசம் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கா? பத்தாவதுலயே தாடி வந்துடுது. ஆதார் கேட்டா "அக்கா, ஒரு சிகரெட்டுக்கு ஆதாரா?"ன்னு சிரிக்கிறான், பின்னாடி நிக்கிறவனும் சேந்து சிரிக்கிறான், அசிங்கப்படுறது நாந்தான். 21னு கோடு போட்டா சந்தேகம் வர்றது 19, 20 வயசுக்காரன் மேலதான், 15, 16 வயசுப் பொடியன் ரோட்டத் தாண்டும்போதே தெரிஞ்சுடும். இன்னொண்ணு, பிளஸ் டூ கிளாஸ்ல எப்பவும் 18 முடிஞ்ச ஒருத்தன் ரெண்டு பேரு இருப்பான், அவன் வாங்குனா கிளாஸே வாங்குன மாதிரி. 21 வயசுக்காரன் அந்த பெஞ்சுல இல்லல்ல. அமெரிக்காவுல இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்னு ஒரு நிபுணர் அமைப்பு 2015ல ஒரு அறிக்கை விட்டுச்சு, 21 ஆக்குனா அதிகப் பலன் 15லருந்து 17 வயசுப் பிள்ளைங்களுக்குத்தான்னு அதுலயும் இதே கதைதான். 2019 டிசம்பர்ல அங்க நாடு பூரா 21 ஆக்கிட்டாங்க. அமெரிக்காவ விடுங்க, இந்தா இருக்குற இலங்கையில 2006 சட்டத்துலயே 21. பக்கத்துல கர்நாடகாவுல 2025ல கொண்டு வந்துட்டாங்க. நம்ம மத்திய அரசும் 2020ல 21னு ஒரு வரைவு எழுதுச்சு, லூஸ்ல விக்கக் கூடாதுன்னும் அதுல போட்டிருந்துச்சு, எழுதுனதோட சரி.

"18 வயசுல ஓட்டுப் போடலாம், சிகரெட் குடிக்கக் கூடாதா"ன்னு கேப்பீங்க. ஆம்பளப் பையன் கல்யாணம் பண்ண 21 ஆகணும், தமிழ்நாட்டுல டாஸ்மாக்ல பாட்டில் வாங்க 21 ஆகணும், அப்பல்லாம் யாரும் ஓட்டப் பத்திப் பேசல.

அடுத்து மலைக்காரங்க, மலைக்கு வர்றவங்க எல்லாரும் சொல்ற ஒரு சாக்கு: "குளிருக்கு ஒண்ணு." சனிக்கிழமை வத்தலக்குண்டு வழியா பைக்குல ஏறி வர்ற காலேஜ் பசங்க, கை வெறைச்சுப் போய் கடை முன்னாடி நிப்பாங்க, அதுல ரெண்டு பேரு அதுவரைக்கும் வாயில வச்சிருக்கவே மாட்டானுங்க, புடிக்கத் தெரியாம இருமுறதுலயே தெரியும், கூட வந்தவன் "டேய் குளுருக்குடா, ஒண்ணும் ஆகாது"ம்பான். உண்மை என்னன்னா நிகோடின் ரத்தக் குழாயச் சுருக்கும், வெரலுக்குப் போற ரத்தம் கொறையும், கை இன்னும் சில்லுனுதான் ஆகும். சூடு வேணும்னா டீ கிளாஸ ரெண்டு கையாலயும் புடிங்க, அதுவும் எங்கடையிலயே இருக்கு. முதல் சிகரெட் மலையில ஆரம்பிச்சுது அக்கான்னு எத்தன பேரு எங்கிட்டயே சொல்லியிருக்காங்க தெரியுமா, பெருமையா வேற. (குடிச்ச துண்ட வெயில் காலத்துல காஞ்ச சருகுல வீசிட்டுப் போறது தனிக் கதை, அதுக்குத் தனியா திட்டணும்.)

ஆனா வயச மட்டும் மாத்திட்டு லூஸ் சிகரெட்ட விட்டா ஒண்ணும் நடக்காது, இதையும் நானே சொல்லிடுறேன். பாக்கெட்டுல 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் போடுறாங்க, ஒண்ணு ரெண்டா வாங்குற பையன் பாக்கெட்டக் கண்ணாலயே பாக்கறதில்ல, நான் எடுத்துக் குடுக்குறேன், கயித்துல தொங்குற லைட்டர்ல பத்த வைக்கிறான், முடிஞ்சுது. பாக்கெட்டாத்தான் வாங்கணும்னா பாக்கெட் மணியில எத்தன பேரு வாங்குவான்?

அபராதத்தக் கேட்டா சிரிப்பீங்க. 2003 புகையிலைச் சட்டத்துல சின்னப் பையனுக்கு வித்தா 200 ரூபா வரைக்கும். சீசன்ல அது ஒரு மணி நேர டீ யாவாரம் கூட இல்ல. அதே தப்புக்கு 2015 சிறார் நீதிச் சட்டத்துல 7 வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். ஒரே சிகரெட்டு, ஒரு சட்டத்துல 200, இன்னொண்ணுல 7 வருஷம். பெரிய சட்டத்த எங்க ஏரியாவுல யாரும் எடுத்து நான் பாத்ததில்ல. அப்புறம் ஸ்கூல்லருந்து 100 கெஜத்துக்குள்ள விக்கக் கூடாதுல்ல, அத ரோட்டு வழியா அளக்கக் கூடாதாம், ஸ்கூல் சுவத்துலருந்து நேரா அளக்கணுமாம். மலையில இது எவ்வளவு முக்கியம்னு கீழ இருக்கறவங்களுக்குப் புரியாது. கொண்டை ஊசி வளைவுக்கு மேல ஸ்கூல், கீழ கடை, ரோட்டுல வந்தா அரைக் கிலோமீட்டர், குறுக்குப் படியில எறங்குனா பையன் இன்டர்வல்லுக்குள்ள வந்துட்டுப் போயிடுவான்.

காட்டு வேலைக்குப் போற எங்க பெரியம்மாமாருங்க வெத்தல பாக்கோட பொகையிலய அதக்கிக்கிட்டு மழையில கேரட் புடுங்குறாங்க, பசி தெரியாதுன்னு. அவங்களுக்கு 21 ஒண்ணும் பண்ணாது. நம்ம திண்டுக்கல் மாவட்டமே சுருட்டுக்கும் பொகையிலைக்கும் பேரு போனது, வேடசந்தூர்ல பொகையிலைக்குன்னே மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் வச்சுச்சு. ஒரு நாள்ல மாறாதுன்னு எனக்கும் தெரியும்.

போன மாசம் ஆறாவது படிக்கிற ஒரு பையன் "அப்பாவுக்கு ரெண்டு"ன்னு காச நீட்டுனான். தரமாட்டேன், அப்பாவ வரச் சொல்லுன்னு அனுப்பிட்டேன். அவரு வந்தாரு, "எம் மகன நம்ப மாட்டியா"ன்னு ரோட்டுல நின்னு சத்தம் போட்டாரு. "நம்புறேண்ணே, நானும் அந்த வயசுல இதே கல்லாவுல வித்தவதான், அதனாலதான் தரல"ன்னேன். இப்ப எதிர் கடையில வாங்குறாரு, பையனத்தான் அனுப்புறாரு. எங்க நோட்டுல அவரு பாக்கி 640 ரூபா அப்படியே இருக்கு.