நாலு பெல்ட்டும் ஒரே இடுப்புக்கு எப்போது?

குத்துச்சண்டையில் ஃப்ளைவெயிட் எடைப் பிரிவு பற்றிப் பேச்செடுத்தாலே, அதன் முன்னாள் சாம்பியன் ‘பாம்’ ராட்ரிகஸ் திரும்ப இந்த எடைக்கு வருவாரா என்ற கேள்வியில்தான் போய் நிற்கிறது. வரமாட்டார். 2023 டிசம்பரில் சன்னி எட்வர்ட்ஸை ஒன்பது சுற்றோடு உட்கார வைத்துவிட்டு அடுத்த எடைப் பிரிவுக்குப் போனவர், அங்கே எஸ்ட்ராடாவையும் பெர்னாண்டோ மார்டினெஸையும் சாய்த்துவிட்டார். இனி 50.8 கிலோவுக்கு உடம்பை வற்றவைக்க அவருக்கு என்ன தலையெழுத்து?

இருப்பவர்களைப் பார்ப்போம். உலகக் குத்துச்சண்டையில் நாலு அமைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சாம்பியன் பெல்ட். 2025 முடிவில் ரிக்கார்டோ சாண்டோவலிடம் டபிள்யூபிசி, டபிள்யூபிஏ பெல்ட்டுகள் இரண்டும். மசாமிச்சி யாபுகியிடம் ஐபிஎஃப். ஆன்டனி ஒலாஸ்குவாகாவிடம் டபிள்யூபிஓ. மூன்று பேருமே, சாண்டோவலுக்கு முன் அந்த இரண்டு பெல்ட்டுகளையும் வைத்திருந்த ஜப்பானின் கென்ஷிரோ தெராஜியோடு மோதியவர்கள், அதுவும் ஜப்பான் மண்ணில். யாபுகி 2021இல் கியோட்டோவில் பத்தாவது சுற்றில் அவரை முடித்தார்; மறு ஆண்டே மூன்றாவது சுற்றில் தெராஜியிடம் திருப்பி வாங்கினார். ஒலாஸ்குவாகா 2023இல் ஐந்தே தொழில்முறைச் சண்டை அனுபவத்தோடு, கடைசி நேர மாற்று ஆளாகப் போய் ஒன்பதாவது சுற்று வரை தாங்கினார். சாண்டோவல் 2025 ஜூலையில் யோகோஹாமாவில் ஒருமுறை தரையில் விழுந்து எழுந்தும் புள்ளிகளில் ஜெயித்தார்.

இதை வைத்து ‘தெராஜியைச் சாய்த்தவன் பெரியவன், தோற்றவன் சின்னவன்’ என்று கணக்குப் போடுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. சாண்டோவல் சந்தித்த தெராஜி, அதற்கு நாலு மாதம் முன்புதான் சக ஜப்பான் வீரர் அகுயியோடு பன்னிரண்டாவது சுற்று வரை அடிவாங்கிக் களைத்திருந்தவர். ஒலாஸ்குவாகா சந்தித்தது உச்சத்தில் இருந்த ஆளை.

அதனால் முதலில் நடக்க வேண்டியது யாபுகி – ஒலாஸ்குவாகா. யாபுகிக்கு வயதாகிவிட்டது, கடைசிச் சுற்றுகளில் ஓய்ந்துபோவார் என்பது சும்மா பேச்சு. ஏஞ்சல் அயாலாவைப் பன்னிரண்டாவது சுற்றில்தானே முடித்தார்? நேரம் போகப்போகத்தான் அந்த ஆள் ஆபத்து. அவரை உடைக்க ஒரே வழி, இரண்டாம் சண்டையில் தெராஜி செய்ததுபோல மணி அடித்த கணத்திலிருந்து மூச்சுவிடாமல் நெருக்குவது. ஒலாஸ்குவாகாவுக்கு அது இயல்பாகவே வரும். ரிக்கு கானோவை மூன்றே சுற்றில் முடித்துத்தான் பெல்ட்டையே வாங்கினார். ஆறு சுற்றுக்குள் முடிந்தால் ஒலாஸ்குவாகா, எட்டைத் தாண்டினால் யாபுகி. என் பணம் ஒலாஸ்குவாகா மேல்.

கலால் யாஃபாயையும் மறக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் தங்கம், எட்வர்ட்ஸை ஆறாவது சுற்றில் முடித்த வேகம், எல்லாம் சரி. ஆனால் 2025இல் பிரான்சிஸ்கோ ராட்ரிகஸிடம் (இவர் ‘பாம்’ அல்ல, வேறொருவர்) அவர் வாங்கிய அடியைப் பார்த்த பிறகு, இந்த மூவருக்கு நேராக அவரை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

பெண்கள் பிரிவில் கேப்ரியேலா ஃபுண்டோரா 2024இலேயே நாலு பெல்ட்டையும் ஒன்று சேர்த்துவிட்டார். ஆண்கள் பக்கம் இதுவரை ஒருவர்கூட இல்லை. யாபுகி – ஒலாஸ்குவாகா சண்டையில் ஜெயிக்கிறவர் சாண்டோவலைச் சந்திக்கட்டும். ஜப்பானிலேயே வைக்கலாம், இந்த எடைக்கு அரங்கம் நிறைவது அங்கேதான்.