மரண ரயில் இப்போ பார்டர் தாண்டி ஓடல

அண்ணே, பர்மாவுல இருக்கிற தன்பியூசயாட்ல ஏறினா, ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரன் கைதிங்களையும் கூலிங்களையும் வச்சு போட்ட பழைய மரண ரயில் பாதைலயே காஞ்சனபுரி வழியா பாங்காக் போயிடலாம்னு போட்டிருக்கீங்க, அது தப்பு, யாராச்சும் நம்பி குடும்பத்தோட கிளம்பிடப் போறாங்க. பர்மாவுக்குள்ளயே மோல்மேன்ல இருந்து யேங்கிற ஊருக்குப் போற லைன்ல அது ஒரு ஸ்டேஷன், அங்கிருந்து தாய்லாந்துக்கு ரயிலே கிடையாது. 1943 அக்டோபர்ல முடிச்ச 415 கிலோமீட்டர் பாதை அந்த மரண ரயில் பாதை, சண்டை முடிஞ்சப்புறம் பர்மா-தாய்லாந்து பார்டர்கிட்ட இருந்த தண்டவாளத்தை வெள்ளைக்காரனே பேத்து எடுத்துட்டான், தாய்லாந்துப் பக்கமும் நாம் டோக்ங்கிற ஸ்டேஷன் வரைக்கும்தான் ஓடுது, அதுக்கு மேல கொஞ்சம் காடாயிடுச்சு, கொஞ்சம் அணைத் தண்ணிக்குள்ள போயிடுச்சு. க்வாய் ஆத்துப் பாலத்து மேல போற ரயில் வீடியோ போட்டிருக்கீங்களே, அது முழுக்க தாய்லாந்துக்குள்ள ஓடுறது.

இன்னொண்ணு, கட்டினது வெள்ளைக்கார கைதிங்கன்னு மட்டும் எழுதிட்டீங்க, மனசு கேக்கல. மலாயா ரப்பர் தோட்டத்துல இருந்து கூட்டிட்டு வந்த நம்ம தமிழ் ஆளுங்க ஆயிரக்கணக்குல அங்கதான் காலராலயும் பட்டினிலயும் செத்தாங்க, பர்மாக்காரங்களும் அப்படித்தான். தன்பியூசயாட் போர்க் கல்லறைல வரிசையா பேர் போட்டு வச்சிருக்கிறது கைதியான சிப்பாய்ங்களுக்கு, கூலியா வந்து செத்தவங்களுக்கு அங்க அப்படி தனித்தனியா பேர் கிடையாது. அதையும் சேர்த்து போஸ்ட்டை திருத்திடுங்க அண்ணே.