"விருதுதான் கொடுத்தாயிற்றே" என்பவர்களுக்கு

மறைந்த நீச்சல் வீரர் சச்சின் நாக்குக்கு உரிய அங்கீகாரம் கிடைக்கவில்லை என்று நேற்று நடந்த வாதத்தில், "அவருக்குத்தான் விளையாட்டில் வாழ்நாள் சாதனைக்கான தியான்சந்த் விருது கொடுத்தாயிற்றே, இன்னும் எதற்கு இந்தப் புலம்பல்?" என்று ஒரு நண்பர் கேட்டதும், அதற்கு மளமளவென்று விழுந்த விருப்பக்குறிகளும் இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கின்றன. கொடுத்தார்கள், நான் மறுக்கவில்லை. 2020இல் கொடுத்தார்கள். அவர் இறந்தது 1987இல்.

சிறந்த விளையாட்டு வீரர்களுக்கான அர்ஜுனா விருது 1961இல் தொடங்கப்பட்டது. அதற்குப் பிறகு 26 ஆண்டுகள் அந்த மனிதர் உயிரோடுதான் இருந்தார்; அந்த விருது அவருக்குத் தரப்படவில்லை.

1947இல் கல்கத்தாக் கலவரத்தில் காலில் குண்டடி பட்டவர், மறு ஆண்டே லண்டன் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் நீந்தியதோடு, இந்திய வாட்டர் போலோ அணியிலும் ஆடினார். நீந்தியபடியே பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டம் அது. சிலியை 7-4 என்று வென்ற ஆட்டத்தில் நான்கு கோல்கள் அவருடையவை. அக்காலத்தில் தோல் பந்து. தண்ணீரை உறிஞ்ச உறிஞ்சக் கனக்கும். தரையில் கால் ஊன்றாமல், காயம்பட்ட காலாலும் தண்ணீரை மிதித்துக்கொண்டு, அந்தப் பந்தை ஒற்றைக் கையால் எடுத்து எறிய வேண்டும். 1951இல் டெல்லி ஆசிய விளையாட்டில் நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அவர் வென்றதுதான் இந்தியாவின் முதல் ஆசியத் தங்கம். நீச்சல் பந்தயத்தில் இன்றுவரை நமக்கு இருக்கும் ஒரே தங்கமும் அதுவே. 1952இல் ஹெல்சிங்கியிலும் வாட்டர் போலோ ஆடினார்.

"அந்த ஆசிய விளையாட்டில் வந்ததே 11 நாடுகள்தானே?" என்று உடனே கணக்குப் பார்ப்பார்கள். உண்மைதான், 11 நாடுகள்தான். அப்படியானால் அதன் பிறகு நடந்த இத்தனை ஆசிய விளையாட்டுகளில் இன்னொரு நீச்சல் தங்கத்தைக் கொண்டுவந்து காட்டுங்கள், பேசலாம். "ஆடியவர்களுக்கெல்லாம் விருது தர முடியுமா?" என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை; அவர்கள் முதல் தங்கத்தையும் மூன்றாம் சுற்றுத் தோல்வியையும் ஒரே தராசில் வைப்பவர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். கல்லூரி நாட்களில் நானும் வாட்டர் போலோ ஆடியவன். காது மூடி வைத்த தொப்பியின் நாடாவைத் தாடைக்கடியில் இறுக்கிக் கட்டி, எதிராளியின் முழங்கை விலாவில் இறங்க இறங்க ஆடி வாங்கிய சான்றிதழை ஓர் அலுவலகத்தில் நீட்டியபோது, மேசைக்குப் பின்னால் இருந்தவர் அதைக் குதிரை மேல் ஆடும் போலோ என்று நினைத்து, "குதிரையெல்லாம் யார் கொடுத்தார்கள் தம்பி?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். எங்களைப் போன்றவர்கள் கிடக்கட்டும். ஒலிம்பிக்கில் நான்கு கோல் போட்டவருக்கும் இதுதான் கதி என்றால் பிறகு என்ன சொல்ல?

அந்த விருதும் அரசுக்குத் தானாக நினைவு வந்து கொடுத்ததன்று. தந்தைக்கு அங்கீகாரம் வேண்டி மகன் ஆண்டுக்கணக்கில் விடாமல் முறையிட்டார். தங்கம் வென்றவரின் வீட்டார் கேட்டுக் கேட்டு, அவர் போய் 33 ஆண்டுகள் கழித்து ஒரு விருது வந்திருக்கிறது. அதைத்தான் நண்பர் "கொடுத்தாயிற்றே" என்கிறார், ஏதோ கைம்மாற்றுக் கடனைத் தீர்த்துவிட்டது போல.