மனு வாங்காத உருவம்

போன தை மாதம் மன்னார்குடியில் உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பில், மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமான மணப்பெண்ணின் தந்தை மேடைக்கு வந்தார். மண்டபத்தின் விளக்குகளை அணைத்திருந்தார்கள். கறுப்புத் துணி கட்டிய மேடையில் வேட்டி சட்டையோடு நடந்து வந்து, கை உயர்த்தி வாழ்த்திவிட்டு நின்றார். அழாதவர்கள் இல்லை. பெண்ணின் அத்தை, இறந்தவரின் உடன்பிறந்த அக்கா, எழுந்து போய், வீட்டில் படத்துக்குக் காட்டுவதைப் போலக் கற்பூரம் ஏற்றித் தட்டை மேடை விளிம்பில் வைத்தார். அந்தச் சுடர் தம்பியின் மார்புக்குள் எரிவதாக எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. ஒளிப்பதிவுக்கு வந்திருந்த இளைஞர் பதறி ஓடிவந்து தட்டை எடுக்கச் சொன்னார்.

சுடர் ஏன் அங்கே தெரிந்தது என்பதைப் பிறகு அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். மேடையின் குறுக்கே கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று 45 பாகை சாய்வில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. மேலிருந்து புரொஜெக்டர் தரையில் வீழ்த்தும் படம் அந்தப் படலத்தில் எதிரொளித்து, பார்ப்பவர்களுக்கு ஆள் நிற்பதாகத் தோன்றுகிறது. தரையோரம் எந்த வெளிச்சம் இருந்தாலும் அதுவும் உருவத்தோடு கலந்துவிடும். 1862இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் கண்ணாடியை வைத்து மேடையில் ஆவியைக் காட்டிய அதே முறைதான் இது. டென்னிஸ் கேபர் 1947இல் வகுத்து, 1971இல் நோபல் பரிசு பெற்ற உண்மையான ஹோலோகிராம், ஒளியலைகளின் குறுக்கீட்டையே பதிவுசெய்யும் வேறொரு அறிவியல். அரசியல் மேடைகளில் ஹோலோகிராம் என்று அறிவிக்கப்படுவதில் பெரும்பகுதி பெப்பருடைய எதிரொளிப்புதான்.

ஒரு குடும்பம் தன் துக்கத்துக்கு அந்த உருவத்தை அழைத்துக்கொண்டால் அதில் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. வாக்குக் கேட்கவும் ஆட்சி நடத்தவும் அது வரும்போதுதான் பேச வேண்டியிருக்கிறது. 2012 குஜராத் தேர்தலில் நரேந்திர மோதியின் உரை ஒரே நேரத்தில் 53 இடங்களில் இப்படிக் காட்டப்பட்டது. 2014 மக்களவைத் தேர்தலில் அந்த முறை இன்னும் பரவலாகக் கையாளப்பட்டது. 2017இல் பிரான்சின் அதிபர் வேட்பாளர் மெலான்ஷோன் லியோன் நகரில் பேசிக்கொண்டிருக்கையிலேயே பாரிஸ் அருகே இன்னொரு கூட்டத்திலும் தோன்றினார். எல்லா ஊருக்கும் ஒரு மனிதரால் போக முடியாது என்பது நியாயமான காரணம்தான், அதை மறுக்கவில்லை.

ஆனால் இதே வெளிச்சத்தை எளியவர்கள் எதற்கு எடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்பெயினில் நாடாளுமன்றத்தின் முன் கூடுவதற்கும் அபராதம் விதிக்க வழிசெய்த சட்டத்தை மக்கள் வாய்ப்பூட்டுச் சட்டம் என்றே அழைத்தார்கள். அது நடைமுறைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2015 ஏப்ரல் 10 இரவு, மாட்ரிட் நாடாளுமன்றத்தின் எதிரே ஒளியுருவங்கள் பதாகைகளோடு ஊர்வலம் போயின. மறு ஆண்டு தென்கொரியத் தலைநகர் சோலிலும் அப்படி ஒரு போராட்டம் நடந்தது. வர அனுமதிக்கப்படாதவர்கள் தங்களுக்குப் பதிலாக உருவத்தை அனுப்பினார்கள். வரத் தடையே இல்லாதவர், வர வேண்டிய கடமையுள்ளவர், உருவத்தை அனுப்புவதை இதனோடு சேர்த்து எண்ண என் மனம் ஒப்பவில்லை.

இறந்தவர்களைப் பேச வைப்பதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். 2024 ஜனவரியில், திருக்குவளையில் பிறந்த கலைஞரின் உருவம் செயற்கை நுண்ணறிவால் பேசவைக்கப்பட்டது. அடுத்த மாதமே ஜெயலலிதாவின் குரலும் அவ்வாறே உருவாக்கப்பட்டு வெளியானது. இருவரும் வாழ்நாளெல்லாம் சொல்லுக்குச் சொல் பொறுப்பேற்றுப் பேசியவர்கள். அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயிலிருந்து வரவழைப்பவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அந்தப் பேச்சுக்கு யார் பொறுப்பு என்று கேட்க நமக்கு வழியில்லை. மன்னார்குடி அத்தைக்கு அது படம் என்று தெரியாமலா இருந்தது? தெரிந்தும் கற்பூரம் ஏற்றினார். கற்பூரம் ஏற்றிய கைதான் வாக்குப்பதிவு இயந்திரத்தையும் அழுத்தப் போகிறது. ஆகவே, மறைந்த தலைவர்களின் உருவத்தையோ குரலையோ புதிதாகப் பேசவைத்து வாக்குக் கேட்பதைத் தேர்தல் விதியே தடைசெய்ய வேண்டும். உயிரோடிருப்பவரின் உருவம் காட்டப்படும்போது, அது நேரலையா, முன்பே பதிந்ததா என்பதை மேடையிலேயே எழுதி வைக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் பொதுக்கூட்டம் என்பது பேச்சைக் கேட்கப் போகும் இடம் மட்டுமன்று. திருவாரூர் தெற்கு வீதியில் தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து துண்டுச் சீட்டு மேலே போகும். அவர் அதைப் பிரித்துப் படிப்பார், சில வேளை முகம் மாறும், பேச்சும் மாறும். வண்டி கிளம்புகையில் கண்ணாடியை இறக்கச் சொல்லி மனுவைத் திணிப்பார்கள். கஜா புயலுக்குப் பின் சாலையில் நின்றவர்களும் நேரில் வந்து பார்க்கும்படிதான் கேட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் குறுவை அறுவடையின்போது மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலைய வாசலில் எங்கள் தெருக்காரர்களின் நெல் தார்ப்பாய்க்கு அடியில் ஒன்பது நாள் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று எடை போட மறுத்தார்கள். பத்தாம் நாள் ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் எதுவும் பேசவில்லை. குவியலின் அடியில் கைவிட்டு, வெள்ளை முளை கிளம்பியிருந்த நெல்லை இரு கையாலும் அள்ளி, அந்த அதிகாரியின் உள்ளங்கையில் கொட்டினார். அதிகாரி அதை உடனே கீழே போடவில்லை. விரலால் கிளறினார், முகர்ந்து பார்த்தார், சூடாக இருக்கிறதே என்றார். அடியில் இன்னும் சூடாக இருக்கும், கை வையுங்கள் ஐயா என்றார் பெரியவர். அதிகாரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு குவியலுக்கு அருகே குனிந்தார்.