அந்த ஐஎம்யூ கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது
“நல்ல ஐஎம்யூ சிப் ஒன்று போதும், நீருக்கடி ரோபோவுக்கு டாப்ளர் சென்சார் வீண் செலவு” என்று இந்த விவாதத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். ஐஎம்யூ என்பது முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் சிப். ஆழத்துக்கு மலிவான பிரஷர் சென்சார் போதும், சரி. பக்கவாட்டு நகர்வுக்கு அது உதவாது. ஜிபிஎஸ் சிக்னலும் தண்ணீருக்குள் எட்டாது.

ஐஎம்யூ தரும் முடுக்கத்தை நேரத்தோடு இரண்டு முறை தொகுத்துத்தான் (முதலில் வேகம், பிறகு தூரம்) இடத்தைக் கண்டுபிடிக்கிறோம். அதனால் பிழை நேரத்தின் வர்க்கமாக வளரும். முடுக்க அளவீட்டில், புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிழை என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்: ஒரு நிமிடத்தில் சுமார் 18 மீட்டர், பத்து நிமிடத்தில் 1.7 கிலோமீட்டருக்கும் மேல்! ரோபோ அசையாமல் கிடந்தாலும் இதே கதைதான். வடிகட்டும் மென்பொருள் இதைக் குறைக்கும், ஆனால் வெளியிலிருந்து ஓர் அளவீடு வந்தாக வேண்டும்.

டாப்ளர் கருவி நீரின் அடித்தரையை நோக்கி ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து வேகத்தை நேரடியாக அளக்கிறது. ஒருமுறை தொகுத்தால் போதும். வாட்டர் லிங்க்டு ஏ50 என்ற டாப்ளர் கருவி வெறும் 66 மில்லிமீட்டர் விட்டம்தான். விலை இன்னும் கையைக் கடிக்கும், மறுக்கவில்லை. தரை எட்டாத ஆழத்தில் இதுவும் திணறும்.

அப்புறம், திசைகாட்டியை, ரோபோவைத் தள்ளும் திரஸ்டர் மோட்டார் பக்கத்தில் வைக்காதீர்கள். திராட்டிலைத் திருகியதும் மோட்டாரின் காந்தப்புலத்தால் அது காட்டும் வடக்கு இடம் மாறிவிடும்.