எலும்புக்கூடுகள் இருக்கட்டும், டேலோஸைப் பாருங்கள்

‘ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்’ என்று பெயரை எடுத்தாலே எல்லோரும் எலும்புக்கூட்டுச் சண்டைக்குத்தான் ஓடுகிறார்கள். 1963-இல் வந்த படம். கிரேக்கப் புராண வீரன் ஜேசன், தங்க ஆட்டுத்தோலைத் தேடித் தன் கூட்டத்தோடு கப்பலேறும் கதை. ஏழு எலும்புக்கூடுகள், எதிரே மூன்று வீரர்கள். சிறப்புக் காட்சிக் கலைஞர் ரே ஹாரிஹவுசன் தனியாளாக உட்கார்ந்து, பொம்மைகளின் கை, கால், தலையை மயிரிழை அளவு நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு ஃபிரேம் எடுத்தார். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் வேண்டும். நாள் முழுக்க உழைத்தும் ஒரு நொடிப் படம்கூடத் தேறாத நாட்கள் உண்டு. சில நிமிடச் சண்டைக்கு நான்கு மாதங்களுக்கு மேல் பிடித்தது. கையெடுத்துக் கும்பிட வேண்டிய உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் படத்தின் உச்சம் அதுவல்ல, டேலோஸ் என்ற ராட்சத வெண்கலச் சிலைதான் என்பது என் கட்சி.

வெண்கலத் தீவில் உணவும் தண்ணீரும் தவிர எதையும் தொடக் கூடாது என்று ஹீரா தேவி எச்சரித்தே அனுப்புகிறாள். கூட வந்த பலசாலி ஹெர்குலிஸ் கேட்பாரா? ஹைலஸ் என்ற இளைஞனோடு ஆட்டைத் துரத்திக்கொண்டு போனவர், சிலையின் பீடத்துக்குள் புதையலைக் கண்டதும் ஈட்டி அளவுக்கு நீண்ட ஊசி ஒன்றைத் தூக்கிக்கொள்கிறார். வெளியே வருகிறார்கள். மேலே மண்டியிட்டிருக்கும் சிலை, உலோகம் கிறீச்சிட, மெல்லத் தலையைத் திருப்புகிறது. பெர்னார்ட் ஹெர்மன் இந்தப் படத்துக்கு வயலின் வகையறாவையே சேர்க்காமல் இசையமைத்தவர். பித்தளைக் கருவிகளும் முரசும் சேர்ந்து எழுப்பும் கனம் இந்தக் காட்சியில்தான் முழுதாகப் புரியும்.

டேலோஸ் விறைத்து விறைத்து நடப்பதைப் பார்த்து, “அந்தக் காலத்து வசதி அவ்வளவுதான்” என்று சிரிப்பவர்களோடு எனக்குத் தீராத சண்டை. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே சிந்துபாத் படத்தில் ஒற்றைக்கண் அரக்கனை அவ்வளவு லாவகமாக நடக்க வைத்தவர் ஹாரிஹவுசன். இங்கே வேண்டுமென்றேதான் விறைக்க வைத்தார். வெண்கலம் வேறு எப்படி நடக்கும்?

இன்னொன்று, கதை. அப்போலோனியஸ் எழுதிய பழைய கிரேக்கக் காவியத்தில் டேலோஸ் வருவது திரும்பும் வழியில், கிரீட் தீவில். ஜேசனின் மனைவியான மந்திரக்காரி மெடியாவின் மந்திரத்தில் மயங்கி, கணுக்காலைப் பாறையில் உரசிக்கொண்டு சாகிறான். ஹைலஸ் தொலைந்துபோவதும் ஹெர்குலிஸ் பின்தங்கிவிடுவதும் அதற்கு வெகு முன்னால் நடக்கும் தனிக் கதை. படம் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டது. ஜேசன் குதிகால் மூடியைத் திருகித் திறக்க, உயிர்நீர் கொட்டுகிறது. டேலோஸ் தொண்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கிறான். அசையாத அந்த முகத்தைப் பார்த்துப் பரிதாபப்படுகிறோம், இதுதான் வித்தை! அவன் சரியும் நேரத்தில், ஹெர்குலிஸ் திருடிய அதே ஊசியை எடுக்க ஓடிய ஹைலஸ் அடியில் நசுங்கிப் போகிறான். திருட்டுக்குத் தண்டனை, ஆனால் திருடியவனுக்கு அல்ல. இந்த இடத்தில் காவியத்தைவிடப் படமே மேல் என்பேன்.

கடல் படம் என்கிறார்களே, கடல் எங்கே என்று கேட்கலாம். பொம்மையை நிறுத்தி நிறுத்தி எடுக்கலாம், அலையை எடுக்க முடியுமா? அதனால்தான் மோதும் பாறைகளைத் தாங்கிப் பிடித்துக் கப்பலுக்கு வழிவிடும் டிரைட்டன் என்ற கடல் தேவனாக ஒரு மனிதரையே நடிக்க வைத்து, சிறிய கப்பல் மாதிரியோடு சேர்த்து, கேமராவை அதிவேகத்தில் ஓட்டினார்கள். நீர்த்துளிகள் கொஞ்சம் பெரிதாகத் தெரியும்தான். எனக்கு உறுத்தவில்லை.

அந்த ஆண்டு சிறப்புக் காட்சி உத்திகளுக்கான ஆஸ்கர் பட்டியலில் இருந்தவை இரண்டே படங்கள். இது இல்லை, விருது ‘கிளியோபாட்ரா’வுக்குப் போனது. 1992-இல்தான் ஹாரிஹவுசனை அழைத்துக் கௌரவித்தார்கள். அந்த மேடையில் டாம் ஹாங்க்ஸ் இதையே உலகின் தலைசிறந்த படம் என்றார். அது கொஞ்சம் அதிகம்.

ஏனென்றால் குறைகளும் உண்டு. ஜேசனாக வரும் டாட் ஆர்ம்ஸ்ட்ராங்குக்குக் குரல்கூட இன்னொருவருடையது. தங்க ஆட்டுத்தோல் கிடைத்ததும் படம் சட்டென்று முடிந்துவிடுகிறது. மெடியா பிள்ளைகளையே கொல்லும் பிற்பாதியைக் கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடீஸ் பார்த்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. என் வருத்தமெல்லாம் ஹெர்குலிஸ் பற்றித்தான். ஹைலஸைத் தேடுகிறேன் என்று தீவிலேயே தங்கிவிட்டவர் கடைசிவரை திரும்பி வருவதே இல்லை. ஹெர்குலிஸாக நடித்த நைஜல் கிரீன் போன பிறகு அந்தக் கப்பலில் வாய்விட்டுச் சிரிக்க ஓர் ஆள் இல்லை.